தூதருக்கு முன்னே வந்த தபால்

கோவையில் மார்மன் சபைக்கு வித்திட்டவர், வெள்ளைச் சட்டையில் பெயர்ப்பட்டை குத்தி வந்த வெளிநாட்டு இளைஞர் அல்லர். உள்ளூர்க்காரரான பால் திருத்துவதாஸ் 1954இல் கைக்குக் கிடைத்த சபை வெளியீடு ஒன்றைப் படித்தார். கடிதம் வழியே சபையோடு தொடர்பு வளர்த்து, 1965இல் ஞானஸ்நானம் பெற்றார். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட சபையின் ஊழிய (மிஷன்) அமைப்பு உருவானதோ 1993இல்தான்.

அப்படியானால் ஊழியர், அதாவது மிஷனரிகள், எதற்கு? ஆள் சேர்க்கத்தான் என்பார்கள். நோக்கம் அதுவே, மறைப்பதற்கில்லை. ஆனால் காலையில் வேதம் படித்து, எங்கே போனாலும் கூட்டாளி ஒருவரோடே போய், சம்பளமில்லாமல், பெரும்பாலும் வீட்டுக் காசில் ஆண்கள் 24 மாதமும் பெண்கள் 18 மாதமும் கழிக்கும் இந்த வாழ்க்கை, கேட்பவரைவிட ஊழியரையே அதிகம் மாற்றுகிறது என்பது என் கணிப்பு. சபைக்கு அதுவும் ஆதாயம்தான். அந்த வாழ்க்கையின் கட்டுப்பாடு அப்படி: 2019 தொடக்கம் வரை, வீட்டுக்குத் தொலைபேசியில் பேசவே பொதுவாக ஆண்டுக்கு இரண்டு முறைதான் அனுமதி!