அந்நிய மண்ணில் நம் பிள்ளைகள்



"சாமி, பையன் ஜெர்மனிக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுகூட அவனுக்குத் தெரியாதாம். ஒருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். திரும்பி வந்துவிடட்டுமா என்று போனில் அழுகிறான்." ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது ஒரு தாய் என்னிடம் சொன்ன வார்த்தைகள் இவை.

இது இன்று ஒரு வீட்டுக் கவலை மட்டுமல்ல. ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்கள் 2022-23 கல்வியாண்டில் சீனர்களையும் முந்தி முதலிடத்திற்கு வந்தார்கள். செவிலியர் பணிக்கும் நம் பிள்ளைகள் அங்கே செல்கிறார்கள். நானும் அந்நாட்டின் பவேரியா மாநிலத்தில் ஒரு சிற்றூர்ப் பங்கில் சில ஆண்டுகள் பணியாற்றியவன். அந்தத் தாயிடம் சொன்னதை உங்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் போய்ச் சேர்ந்த முதல் ஞாயிறு. திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும், ஊரிலிருந்து கொண்டுபோன பாடுபட்ட சுரூபத்தை மாட்டுவதற்காகச் சுவரில் ஆணி அடித்தேன். இரண்டாவது ஆணி அடிப்பதற்குள் அழைப்பு மணி ஒலித்தது. பக்கத்து வீட்டு மூதாட்டி நின்றார். "இன்று ஞாயிற்றுக்கிழமை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு குருவானவருக்கு ஞாயிறு எது என்று ஒருவர் நினைவூட்ட வேண்டியதாயிற்றே என்று எனக்கு வெட்கம். புதிதாக வந்தவனிடம் இப்படியா முகத்தில் அடித்தாற்போல் பேசுவது என்று வருத்தமும்கூட.

பிறகுதான் விவரம் புரிந்தது. ஞாயிறு ஓய்வுக்கும் ஆன்ம மேன்மைக்கும் உரிய நாள் என்பதை 1919-ஆம் ஆண்டின் அரசியல் சட்டத்திலேயே அவர்கள் எழுதி வைத்தார்கள். 1949-ஆம் ஆண்டின் அரசியல் சட்டமும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. அதனால்தான் இன்றும் ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கின்றன. காலிக் கண்ணாடிப் பாட்டில்களைத் தெருவோரத் தொட்டியில் போட்டுச் சத்தம் எழுப்புவதுகூடத் தவறு. இரவு பத்து மணிக்கு மேலும் இதே அமைதி காக்கப்பட வேண்டும்.

குளிர்காலம் வந்தது. தம் வீட்டின் முன் உள்ள நடைபாதையில் விழும் பனியை, பொதுவாகக் காலை ஏழு மணிக்குள் அந்தந்த வீட்டார் அள்ளிவிட வேண்டும். ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிட்டேன். எட்டு மணிக்கு எழுந்து பார்த்தால் என் வாசலும் சுத்தமாக இருந்தது! அதே மூதாட்டிதான் அள்ளியிருந்தார். நன்றி சொன்னபோது, "யாராவது வழுக்கி விழுந்துவிடுவார்களே" என்றார். அவ்வளவுதான். மதியம் என் வாசலில் ஒரு பாத்திரத்தில் சூப் இருந்தது.

அன்று நான் ஒன்றைப் புரிந்துகொண்டேன். நம் ஊரில் அன்பு சத்தமாகப் பேசும்; "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கும், கதவைத் தட்டாமலே உள்ளே வரும். அங்கே அன்பு, அடுத்தவரின் அமைதியைக் கெடுக்காமல் இருப்பதில், சொன்ன நேரத்திற்கு வருவதில், தன் பங்கு வேலையைத் தவறாமல் செய்வதில் வெளிப்படுகிறது. அவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். அவர்களுடைய அன்பின் மொழியை நாம் இன்னும் கற்கவில்லை.

அவர்கள் பேச்சிலும் இதைக் காணலாம். நம் 'நீங்கள்', 'நீ' போல அவர்களுக்கு 'ஸீ', 'டூ' உண்டு. உடன் வேலை செய்பவர்கள்கூடச் சில இடங்களில் பல ஆண்டுகள் 'ஸீ' என்றே பேசுவார்கள். பிறகு ஒருநாள், பெரும்பாலும் மூத்தவர், "இனி 'டூ' என்றே கூப்பிடலாம்" என்பார். அன்றுமுதல் அது நிலைத்த நட்பு. கடவுளை நாம் 'நீர்', 'உமது' என்று அழைக்கிறோம். அவர்களோ வீட்டாரை அழைப்பதுபோல் 'டூ' என்றுதான் அழைக்கிறார்கள். மரியாதையும் நெருக்கமும் எங்கும் உண்டு. அவை வெளிப்படும் விதம்தான் வேறு.

பெற்றோர் கவனிக்க வேண்டிய மற்றொன்று உண்டு. அங்கே குடியேறியதும் இரண்டு வாரத்திற்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அந்தப் படிவத்தில் சமயம் பற்றிய கேள்வியும் வரும். கத்தோலிக்கர் என்று எழுதினால் திருச்சபை வரி உண்டு. "மதம் இல்லை என்று போடு, பணம் மிச்சம்" என்று நண்பர்கள் ஆலோசனை சொல்வார்கள். அந்த வரி சம்பளத்தில் அல்ல, வருமான வரியில்தான் கணக்கிடப்படுகிறது: பவேரியா, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலங்களில் 8 விழுக்காடு, மற்ற மாநிலங்களில் 9 விழுக்காடு. வருமான வரி கட்டாத மாணவருக்கு இந்த வரி இல்லை. பின்னாளில் அரசு அலுவலகத்தில் திருச்சபையை விட்டு விலகுவதாக முறைப்படி அறிவிப்பவர், 2012-ஆம் ஆண்டு ஜெர்மன் ஆயர்கள் வெளியிட்ட ஆணையின்படி, மரண ஆபத்து தவிர மற்ற வேளைகளில் நற்கருணையும் ஒப்புரவு அருளடையாளமும் பெற முடியாது. ஞானப்பெற்றோராக நிற்கவும் முடியாது. சில யூரோக்களுக்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி அனுப்புங்கள்.

தனிமை வாட்டும்போது அவர்கள் எங்கே செல்வார்கள்? டச்சு எல்லைக்கு அருகில் கேவெலார் என்ற ஊரில், துன்புறுவோருக்கு ஆறுதலான அன்னையின் திருத்தலம் உள்ளது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் ஆயிரக்கணக்கான தமிழர்கள், பெரும்பாலும் ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்தவர்கள், அங்கே கூடுகிறார்கள். இந்து சகோதரர்களும் வருகிறார்கள். ஆனால் நம் மக்களோடு மட்டும் இருந்துவிடாமல், குடியிருக்கும் இடத்துப் பங்கிலும் பாடகர் குழுவிலோ, இளையோர் குழுவிலோ சேரச் சொல்லுங்கள். மொழி தானாக வரும். மொழி வந்தால் மனிதர்களும் வருவார்கள்.

அந்தத் தாயிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "அம்மா, உங்கள் தெருவில் பீகாரிலிருந்து வந்த பையன்கள் கட்டட வேலை செய்கிறார்களே, அவர்களில் ஒருவர் பெயராவது உங்களுக்குத் தெரியுமா?" அவர் மெளனமானார். நானும் கேட்டு அறியவில்லை என்பதால் எனக்கும் அந்தக் கேள்வி சுட்டது. எகிப்தில் அந்நியராய் இருந்த நாள்களை மறவாமல், உங்களிடையே தங்கும் அந்நியரையும் உங்களைப் போல நேசியுங்கள் என்றுதான் லேவியர் நூலில் ஆண்டவர் கேட்கிறார். குழந்தை இயேசுவும் அந்நிய நாட்டில் அடைக்கலம் தேடியவரே.

அடுத்த ஞாயிறு அந்தத் தாய் மீண்டும் வந்தார். "சாமி, ஒருத்தன் பேர் ராஜு. அவனுக்கும் அம்மா போன் பண்ணி அழுகிறார்களாம்" என்றார். நம் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு கதவு திறக்க வேண்டும் என்று செபிப்போம். அதற்கு முன், நம் கதவை இங்கே திறப்போம்.