கழிவு தடுத்தலும் கைப்பொருள் காத்தலும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்கள் பரந்து கிடக்கின்றன. அங்கு விளையும் நெல்லை அவித்துக் குற்றும் சிற்றாலைகளும் இப்பகுதியிற் பலவுள. கழிவைப் பற்றிய கவலை வீண்செலவென ஆலையுடையார் சிலர் கருதுவர். கழிவை அகற்றுதல் வேறு. அது தோன்றாமல் தடுத்தல் வேறு. முன்னையது செலவு, பின்னையது வரவு.

நெல்லை ஊறவைத்தலை நோக்குவோம். தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறும் நெல் நொதித்து நாறும். அந்நீர் வாவியை அடையின், நீரிற் கரைந்துள்ள ஒட்சிசன் குன்றி மீன்கள் நலியும். கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபடுங்கால், கழிவு கடல் சேர வழியின்றித் தேங்கும். நட்டம் மீனவர்க்கு மட்டுமன்று: நாற்றமுடைய அரிசியின் விலை குறையும், தொட்டியும் நாட்கணக்கில் முடங்கும்.

மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் வகுத்த வெந்நீர் முறையில், ஏறத்தாழ 70 பாகை செல்சியசு வெப்பத்தில் 3 அல்லது 4 மணி நேரத்தில் நெல் ஊறிவிடும். 100 கிலோ நெல்லில் ஏறக்குறைய 20 கிலோ உமி உண்டு. கரையிற் கொட்டினால் மாரிவெள்ளத்தோடு வாவியிற் சேரும் அவ்வுமியே கொதிகலனுக்கு எரிபொருளாகும். நெல்லை அவிக்கும் நீராவியே ஊறல்நீரையும் சூடாக்கும். குழாய் அமைத்தற்கு முதற்செலவு உண்டெனினும், மிஞ்சும் நேரமும் உயரும் விலையும் அதனை ஈடுசெய்ய உதவும். ஊறுமுன் பதரையும் தூசியையும் தூற்றி நீக்கின் கழிவுநீரின் அழுக்கும் குறையும்.

1975இல் அமெரிக்காவின் திரீ எம் நிறுவனம், மாசு தடுத்தல் ஊதியம் தரும் என்பதையே பெயராகக் கொண்ட திட்டமொன்றைத் தொடங்கிற்று. அவ்வுண்மை சிற்றாலைக்கும் பொருந்தும். வாய்க்காலில் ஓடுவதில் தாம் விலைகொடுத்து வாங்கியது எவ்வளவு என்பதை ஆலையுடையார் கணக்கிடுவாராக.