உங்களுக்குத் தெரியுமா? மதுரையிலிருந்து வந்த மச்சான் கண்டியை மாற்றிய கதை

● பல்லேகல என்றால் இன்று கிரிக்கெட் மைதானம்தான் நினைவுக்கு வரும். பக்கத்துக் குண்டசாலையோ அரசர் குடியிருந்த ஊர். கண்டியின் கடைசிச் சிங்கள மன்னர் ஸ்ரீ வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் (1707–1739) மகாவலிக் கரையில் அங்கே மாளிகை எழுப்பி வாழ்ந்தார். 'குண்டசாலை அரசர்' என்றே அவருக்குப் பெயர்.

● அவருக்குப் பின் பட்டம் சூட, அரச குலத் தாய்க்குப் பிறந்த மகன் இல்லை. எனவே மதுரையிலிருந்து வந்த ராணியின் சகோதரர் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் அரியணை ஏறினார். அவரும் பிள்ளையில்லாமல் இறக்க, 1747இல் அவருடைய ராணியின் சகோதரர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் மன்னரானார். அடுத்தடுத்து இரண்டு மச்சான்கள்! பிந்தியவருக்கு அப்போது பதின்ம வயதுதான்.

● அந்தக் காலத்தில் இலங்கையில் முழுத் துறவு பெற்ற பிக்கு ஒருவர்கூட இல்லை. 'உபசம்பதா' என்னும் துறவேற்பை நடத்தக் குறைந்தது ஐந்து பிக்குகள் வேண்டும். நாட்டில் எஞ்சியிருந்தவர்கள் முழுத் துறவு பெறாத இளந்துறவிகளான சாமணேரர்களும், காவி உடுத்துக் குடும்பம் நடத்திய 'கணின்னான்சே'களும்தான். சீர்திருத்தம் கேட்டுக் குரல் கொடுத்த வெலிவிட்ட சரணங்கரரும் சாமணேரரே.

● பிக்குகளை வெளிநாட்டிலிருந்துதான் அழைத்துவர வேண்டும். கரையோரம் ஒல்லாந்தர் கையில் இருந்ததால் கண்டி அரசு அவர்களிடமே கப்பல் கேட்டது. முந்திய மன்னர் காலத்துத் தூது ஒன்று கடலில் மூழ்கிப்போனது. கீர்த்தி ஸ்ரீ விடவில்லை. 1753இல் சியாமின் அயுத்தியாவிலிருந்து உபாலி தேரர் குழுவினருடன் கண்டிக்கு வந்து உபசம்பதாவை மீண்டும் தொடங்கிவைத்தார். 'சியாம் நிகாய' என்னும் பிக்கு மரபு பிறந்தது. பதினான்கே ஆண்டுகளில், 1767இல், பர்மியப் படை அயுத்தியாவை அழித்துவிட்டது.

● கண்டிப் பெரஹெரா முன்பு நாதர், விஷ்ணு, கதிர்காமக் கடவுள், பத்தினித் தெய்வம் ஆகிய நான்கு தேவாலயங்களின் விழா. பத்தினி வேறு யாருமல்ல, நம் கண்ணகிதான். புத்தரின் புனிதப் பல்லை அந்த ஊர்வலத்தின் முன்னணிக்குக் கொண்டுவந்தவர் கீர்த்தி ஸ்ரீ. தலதா மாளிகை முன்னே, தேவாலயங்கள் பின்னே என்ற வரிசை இன்றும் அப்படியே.

● குண்டசாலைக்கு அருகே அமுனுகமவில் உள்ள தெகல்தொருவ குகை விகாரை கீர்த்தி ஸ்ரீ தொடங்கிய பணி. அங்குள்ள சுவரோவியங்களில் ஜாதகக் கதை மாந்தர்கள் கண்டி உடையில் நிற்கிறார்கள். மகாவம்சத்தைத் தம் காலம் வரை எழுதவைத்தவரும் இவரே. எழுதியவர் திப்பட்டுவாவே தேரர்.

● சைவ, வைணவ மரபில் வளர்ந்த மன்னர் பிறந்த வீட்டு வழக்கத்தையும் கைவிடவில்லை. சிலாபத்தை அடுத்த முன்னேஸ்வரம் சிவன் கோயிலைப் புதுப்பித்தார். நெற்றியில் திருநீறு பூசுவதைச் சிலர் குறையாகப் பேசினார்கள். 1760இல் இவரைக் கொன்றுவிட்டுச் சியாம் இளவரசர் ஒருவரை அரசராக்க, சியாம் நிகாயவின் மல்வத்தை விகாரையிலேயே சதி நடந்தது. இவர் சங்கராஜப் பட்டம் கொடுத்த சரணங்கரரும் சிக்கினார். பிறகு மன்னிப்புப் பெற்றுப் பழைய இடத்துக்குத் திரும்பினார். விகாரைப் பணிகளும் நிற்கவில்லை.

● உள்ளே சீர்திருத்தம், வெளியே இழப்பு. கப்பல் தந்த ஒல்லாந்தரே 1765இல் கண்டிக்குள் புகுந்து கொள்ளையடித்தார்கள். 1766 உடன்படிக்கையோடு தீவின் கரையோரம் முழுவதும் அவர்கள் வசமானது. கண்டி, கடலில்லாத நாடானது.

● சீர்திருத்தத்துக்கு ஒரு வேலியும் இருந்தது. கீர்த்தி ஸ்ரீ காலத்திலேயே உயர்நிலைத் துறவு கொவிகம சாதியாருக்கு மட்டும் என்றானது. புறந்தள்ளப்பட்ட கரையோரச் சாதியார் பர்மாவுக்குப் போய்த் துறவு பெற்றுத் திரும்பி, 1803இல் 'அமரபுர நிகாய'வைத் தொடங்கினார்கள். சங்கம் இன்றும் தனித்தனி நிகாயக்களாகத்தான் இருக்கிறது.

● 1815இல் கண்டி அரசு ஆங்கிலேயர் கைக்குப் போனபோதும், உடன்படிக்கையின் 5ஆம் பிரிவு பௌத்தத்தைக் காப்பதாக உறுதி கூறியது. 1972 அரசியலமைப்பு அதற்கு முதன்மை இடம் தந்தது. பதவியேற்கும் தலைவர்கள் இன்றும் கண்டிக்கு வந்து மல்வத்தை, அஸ்கிரிய மகாநாயக்கர்களிடம் ஆசி பெறுகிறார்கள். இரண்டு பீடங்களும் 1753இல் தொடங்கிய அதே சியாம் நிகாயவைச் சேர்ந்தவை.