இரத்தம் காட்டாத முழங்கால் வலி

நம் பங்கைச் சார்ந்த தாய் ஒருவர், இளமை முதல் நாற்று நட்டும் கதிர் அறுத்தும் பிள்ளைகளை வளர்த்தவர். காலைத் திருப்பலிக்கு வரத் தவறாதவர். சில மாதங்களுக்கு முன் அவர் கோவிலின் கடைசித் தூணருகே ஒதுங்கி நிற்கக் கண்டு வினவினோம்.

"சாமி, முட்டு மடக்க முடியல்ல. ரத்தம் சோதிச்சதுல ஒரு நோயும் இல்லன்னு வந்திருக்கு. பிள்ளைய எனக்கு மடின்னு நெனைக்குவ" என்று கண் கலங்கினார்.

இரத்தத்தில் குறையில்லையென்றால் நோயே இல்லையென்று பொருளாகுமா? ஆகாது. இதனை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நலம்.

முழங்கால் மூட்டில் எலும்புகளின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அது சிதைந்து தேய, எலும்பும் மூட்டுச் சவ்வும் மாறுதலுறுவதையே மூட்டுத் தேய்மானம் என்கிறோம். நம் நாட்டில் பல ஊர்களில் நடத்தப்பெற்று 2016-இல் வெளியான ஆய்வொன்றில், பரிசோதிக்கப்பட்டோரில் 28.7 விழுக்காட்டினருக்கு இந்நோய் காணப்பட்டது. முதுமை, உடற்பருமன், பழைய காயம், நெடுங்காலம் குந்தியும் சுமை தூக்கியும் செய்யும் வேலை ஆகியவை இதற்கு வழிகோலும்.

வழக்கமான இரத்தப் பரிசோதனைகள் முடக்குவாதம், யூரிக் அமில மிகுதி, கிருமித் தொற்று போன்ற பிற காரணங்களைக் கண்டறியவே உதவும். தேய்மானத்தை அவை காட்டா. நோயாளியின் வயது, வலியின் இயல்பு, மூட்டின் அசைவு ஆகியவற்றைக் கொண்டே மருத்துவர் நோயை அறிகிறார். எக்ஸ்ரே படத்தைக் கொண்டு 0 முதல் 4 வரை நோயின் படிநிலையைக் குறிக்கும் முறையை 1957-இல் கெல்கிரன், லாரன்ஸ் என்னும் மருத்துவர்கள் வகுத்தனர். ஆனால் எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரிவதில்லை; எலும்புகளுக்கிடையே இடைவெளி குறைவதைக் கொண்டே அதன் தேய்வு உய்த்தறியப்படுகிறது. படத்தின் படிநிலையும் வலியின் கடுமையும் எப்போதும் ஒத்திருப்பதுமில்லை.

ஆகவேதான் அறிஞர்கள் இரத்தத்திலேயே தடயம் தேடுகின்றனர். குருத்தெலும்பு சிதையும்போது அதன் புரதத் துணுக்குகள் இரத்தத்தில் கலக்கின்றன. அவற்றுள் 'காம்ப்' என்னும் புரதம் முழங்கால் தேய்மானம் உடையோரிடம் மிகுந்திருப்பதைப் புதுதில்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்டனர். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தினர் இங்கிலாந்துப் பெண்கள் 200 பேரின் இரத்தத்தை ஆராய்ந்து, எக்ஸ்ரேயில் தெரிவதற்கு எட்டு ஆண்டுகள் முன்னரே நோயின் அறிகுறியைச் சில புரதங்கள் காட்டக்கூடும் என 2024-இல் அறிவித்தனர். நம்பிக்கை தரும் செய்தியே! ஆயினும் இவை ஆய்வு நிலையிலேயே உள்ளன. இந்நோயை உறுதிசெய்யவோ படிநிலை காணவோ மருத்துவர்கள் வழக்கமாகக் கையாளும் இரத்தப் பரிசோதனை இன்னும் வரவில்லை.

அதுவரை வலியுறுவோரின் சொல்லே முதற் சான்று. அதனை நம்புவது பிள்ளைகளின் கடன். தொடைத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியை மருத்துவரிடம் கேட்டறிந்து செய்யலாம். மிகுந்த எடையில் ஒரு கிலோ குறைந்தாலும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் பளு ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது.

அத்தாயின் மூத்த மகனை அழைத்து இவற்றைக் கூறினோம். அவர் தாயை எலும்பு மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். எக்ஸ்ரே மூன்றாம் படிநிலையைக் காட்டிற்று. "அம்மையை நம்பாமப் போனேனே சாமி" என்று மகன் வருந்தினார்.

எழுந்தேற்ற வேளையில் முழந்தாளிட வேண்டுமெனக் கூறும் திருச்சபையே, உடல்நலமின்மையால் இயலாதோருக்கு விலக்கும் அளித்துள்ளது. காற்றாடிமலையில் புனித தேவசகாயம் முழந்தாளிட்டுச் செபித்ததாகப் போற்றப்படும் பாறையருகே, மண்டியிட இயலாமல் நின்றபடியே செபிக்கும் முதியோர் எத்தனை பேர்! அவர்களின் செபம் குறைவுடையதன்று.

இப்போது ஞாயிறுதோறும் அந்த மகனே முன்வரிசையில் நாற்காலி இட்டுத் தாயை அமர்த்துகிறார். உங்கள் இல்லத்தில் அத்தகைய நாற்காலிக்குக் காத்திருப்போர் உண்டா?