மனைவிக்கு சைக்கிள் வாங்கப் போகிறீர்களா?

மனைவிக்குத் தெரியாமல் புடவை வாங்கலாம். நகை வாங்கலாம் (காசு இருந்தால்). ஆனால் மனைவிக்குத் தெரியாமல் சைக்கிள் மட்டும் வாங்கவே கூடாது. ஆயிரத்து இருநூறு ரூபாய் தண்டம் அழுதுவிட்டுச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு மேடவாக்கம் கூட்ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. என் மனைவிக்குச் சித்தாலப்பாக்கம் பக்கம் ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர் வேலை கிடைத்தது. மூன்று கிலோமீட்டர்தான். நடந்தால் வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர வேண்டும். ஷேர் ஆட்டோவில் போனால், ஏற்கெனவே மூச்சு விட இடமில்லாத வண்டியில் "இன்னும் ரெண்டு பேர் உட்காரலாம்" என்று டிரைவர் கூசாமல் சொல்வார்.

"எனக்கு ஒரு சைக்கிள் இருந்தா போதுங்க" என்றாள் ஒருநாள்.

உடனே எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த காதல் கணவன் விழித்துக்கொண்டான். பிறந்த நாளுக்கு சர்ப்ரைஸ் கொடுப்பது என்று முடிவு செய்து, ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தனியாகக் கடைக்குப் போனேன்.

"யாருக்கு சார்?"

"வீட்ல."

"லேடீஸா? இந்தாங்க, இருபத்தாறு இன்ச். நல்லா ஓடுற மாடல்."

கத்திரிப்பூ கலர். முன்னால் ஒரு கூடை. ஹேண்டில் நுனியில் குஞ்சலம் வேறு. அவள் எத்தனை அடி உயரம் என்று கடைக்காரர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கூடை இருந்தால் லேடீஸ் சைக்கிள், இல்லாவிட்டால் ஜென்ட்ஸ் சைக்கிள். பி.காம் படித்தவனின் என்ஜினீயரிங் அறிவு அவ்வளவுதான்.

என் மனைவி நாலடி பதினோரு அங்குலம். சீட்டை அடியோடு இறக்கியும் ஒரு காலின் கட்டைவிரல்தான் தரையைத் தொட்டது. ஹேண்டிலோ எட்டாத தூரத்தில். கும்பிட்டு விழுகிற மாதிரி குனிந்து ஓட்டினாள். ஒரு வாரத்தில் கழுத்து வலி, மணிக்கட்டு வலி, வெளியே சொல்ல முடியாத இடத்தில் வலி. எட்டாவது நாள் பின்னால் தண்ணீர் லாரி ஹாரன் அடிக்க, பிரேக் பிடிக்கப் பார்த்திருக்கிறாள். விரல் பிரேக் கம்பிக்கு எட்டவில்லை. ஓரமாகக் குதித்ததில் முட்டி சிராய்ப்போடு தப்பித்தாள். லாரி இன்னும் ஓர் அடி இந்தப் பக்கம் வந்திருந்தால்... வேண்டாம், அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அன்றிலிருந்து சைக்கிள் வராந்தாவில் துண்டு காயப்போடும் கொடியாகிவிட்டது. மறுபடி ஷேர் ஆட்டோ. மாசக் கடைசியில் கணக்குப் பார்த்தவள், "சம்பளத்துல பாதி ஆட்டோவுக்கே போகுது. இந்த மாசத்தோட வேலையை விட்டுடறேன்" என்றாள்.

அப்போது நான் சொன்ன பொன்மொழி இது: "பயந்தா எப்படி? பழகப் பழக சரியாயிடும்."

"உங்க ஒன்பதாம் நம்பர் ஷூவைப் போட்டுக்கிட்டு நான் ஓடினா, பழகப் பழக சரியாயிடுமா?"

பதில் சொல்லத் தெரியாமல் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அந்த வாரம்தான் ஊரிலிருந்து மாமியார் வந்தார். கீரனூர் பக்கம், புதுக்கோட்டை மாவட்டம். பால்வாடியில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். வராந்தாவில் துண்டைத் தூக்கிப் பார்த்தவர், "மாப்ள, இதை அவளை உக்கார வெச்சுப் பாக்காமயா வாங்குனீங்க?" என்றார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் கடினமான கேள்வி அது.

அப்புறம்தான் அவர் கதை வெளியே வந்தது. சைக்கிள் விஷயத்தில் என் மாமியார் சாதாரண ஆள் இல்லை சார். சரித்திரத்தில் பங்கெடுத்தவர்!

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கும் இயக்கம். அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். பெண்களுக்கு எழுத்து மட்டும் போதாது, நினைத்த இடத்துக்குப் போய்வரவும் தெரிய வேண்டும் என்று சைக்கிள் ஓட்டுவதையும் இயக்கத்தோடு சேர்த்தார்கள். விவசாயக் கூலிகள், கல் உடைக்கும் பெண்கள், கிராம நர்சுகள், பால்வாடி ஆயாக்கள் என்று எல்லோரும் களத்துமேட்டில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டார்கள். மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார்.

இதில் ஒரு வேடிக்கை. அத்தனை பேருக்கும் லேடீஸ் சைக்கிளுக்கு எங்கே போவது? கடையில் ஸ்டாக் இல்லை. "அதனாலென்ன?" என்று பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறிவிட்டார்கள். சிலருக்கு அதுதான் பிடித்தும் போனது. காரணம், சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே இருக்கும் பார். அதில் குழந்தையை உட்கார வைக்கலாம்!

"இவளுக்கு அப்ப ரெண்டு வயசு. பார்ல துண்டைச் சுத்தி உக்கார வெச்சுதான் பால்வாடிக்குக் கூட்டிட்டுப் போவேன்" என்றார் மாமியார். என் மனைவி உட்கார்ந்த முதல் சைக்கிள் ஜென்ட்ஸ் சைக்கிள் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

அப்படியானால் லேடீஸ் சைக்கிள் என்று ஒன்று எதற்கு? நானும் இதைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

1885-ல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பின்சக்கரத்துக்குச் செயின். இன்றைய சைக்கிளுக்கெல்லாம் தாத்தா அதுதான். சில வருஷங்களிலேயே பெண்களுக்காக மேல் பாரை எடுத்துவிட்டு, கீழே வளைத்த மாடல்கள் வந்தன. காரணம் பெண்ணின் உடம்பு அல்ல, அவள் போட்டிருந்த நீளப் பாவாடை! நம்மூர் லேடீஸ் சைக்கிளில் செயினை முழுசாக மூடும் கவரும், பின்சக்கரத்தில் புடவை சிக்காமல் இருக்கத் தடுப்பும் வைத்தது இதே கதைதான்.

பாரை எடுப்பது இனாமாக வருவதில்லை. மேல் பார் இருக்கும்போது பிரேம் முக்கோணமாக நிற்கும். முக்கோணம் அசையாது. பாரை எடுத்தால் பிரேம் ஆட்டம் காணும். அதை ஈடுகட்டக் கீழ்க் குழாயைத் தடிமனாக்க வேண்டும், அல்லது இரட்டைக் குழாய் போட வேண்டும். அதனால் வண்டியின் கனம் ஏறும். மாடிப்படியில் தூக்குகிறவர்கள் (அதாவது கணவன்மார்கள்) இதைக் கவனிக்கவும்.

உடம்புக்கு ஏற்ற பிரேம் என்ற யோசனை ரொம்பப் பிற்பாடு வந்தது. அமெரிக்காவில் ஜார்ஜீனா டெர்ரி என்ற பெண் என்ஜினீயர், உயரம் குறைந்த பெண்களுக்காகவே சைக்கிள் செய்து 1985-ல் கம்பெனி தொடங்கினார். அவர் வண்டியைப் பார்த்தால் சிரிப்பு வரும். முன்சக்கரம் சின்னது, பின்சக்கரம் பெரியது. ஆனால் உள்ளே விஷயம் இருக்கிறது. சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் உள்ள தூரத்தைக் குறைத்தால் பெடல் மிதிக்கும் கால் முன்சக்கரத்தில் இடிக்கும். சக்கரத்தைச் சின்னதாக்கினால் இடிக்காது. அவ்வளவுதான்! 2008-ல் தைவானின் ஜெயன்ட் கம்பெனி பெண்களுக்கென்றே லிவ் என்ற பிராண்டை ஆரம்பித்தது. அதற்கு முன்னின்றவர் பானி டூ என்ற பெண்மணி.

ஸ்பெஷலைஸ்டு போன்ற கம்பெனிகள் வேறு பக்கம் திரும்பின. ஆணுக்கும் பெண்ணுக்கும் இருக்கும் வித்தியாசத்தைவிட ஒரு பெண்ணுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது, எனவே பிரேம் பொதுவாக இருக்கட்டும், சீட்டும் ஹேண்டிலும் ஆளுக்கு ஏற்றபடி மாறட்டும் என்பது அவர்கள் கட்சி. நியாயம்தான். என் மனைவியும் அவள் தங்கையும் ஒரே வீட்டில் பிறந்தவர்கள். உயரத்தில் அரை அடி வித்தியாசம்.

ஆக, கடைக்குப் போகும்போது லேடீஸா ஜென்ட்ஸா என்பது முதல் கேள்வியே அல்ல. பார்க்க வேண்டியது வேறு:

முதலில், கடைக்காரர் சொல்லும் "இருபத்தாறு இன்ச்" சக்கரத்தின் அளவு. ஆளுக்குப் பொருந்துமா என்று சொல்வது பிரேமின் அளவு. அதாவது பெடல் அச்சிலிருந்து சீட் குழாயின் உச்சி வரை உள்ள நீளம். அதைத் தனியாகக் கேளுங்கள்.

சீட் உயரம்: உட்கார்ந்து, அடியில் இருக்கும் பெடல் மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கும். அதுதான் சரி. நம்மூர் டிராபிக்கில் புதிதாக ஓட்டுகிறவர்கள் இரண்டு கால் விரல்களும் தரையில் படும்படி கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்ளலாம். பார் வைத்த வண்டியானால், இரண்டு காலையும் ஊன்றி நிற்கும்போது பாருக்கு மேலே ஓரிரு அங்குலம் இடைவெளி வேண்டும்.

ஹேண்டிலைப் பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். விறைத்து நின்றால் வண்டி நீளம். பிரேக் கம்பியில் இரண்டு விரல் சுலபமாக உட்கார வேண்டும். எட்டாவிட்டால், பல பிரேக்குகளில் கம்பியைக் கிட்டே கொண்டுவரச் சின்ன ஸ்க்ரூ ஒன்று இருக்கும், திருகச் சொல்லுங்கள். உட்காரும் எலும்புகளுக்கு இடையே உள்ள தூரம் பெண்களுக்குப் பொதுவாக அதிகம். ஒடுங்கிய சீட் ஆகாது. பின்பக்கம் கொஞ்சம் அகலமாக, மூக்கு குட்டையாக இருக்கட்டும்.

ஸ்கூலில் கொடுத்த இலவச சைக்கிள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். 2001-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்காக ஆரம்பித்த திட்டம் பின்னாளில் பையன்களுக்கும் சேர்த்து விரிந்தது. தங்கச்சிக்கு வந்த சைக்கிளில் சீட் சரியாக இருக்கிறதா என்று எந்த அண்ணனாவது பார்த்தோமா? ஒரு ஸ்பேனர், ஐந்து நிமிஷம். அவ்வளவுதான் வேலை.

எங்கள் கதைக்கு வருகிறேன். மறுநாள் மாமியார் தலைமையில் மூவரும் கடைக்குப் போனோம். இந்தத் தடவை என் மனைவி உட்கார்ந்தாள், இறங்கினாள், பிரேக் பிடித்தாள். தெருவில் ரெண்டு ரவுண்டு போய் வந்தாள். ஐந்து வண்டியை வேண்டாம் என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை (திறக்கக் கூடாது என்று உத்தரவு). ஆறாவது வண்டி, இருபத்து நாலு இன்ச் சக்கரம், சின்ன பிரேம். ஏறி உட்கார்ந்ததும் அவள் முகத்தைப் பார்த்தேன். கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கலர் என்ன தெரியுமா? கறுப்பு. குஞ்சலம் கிடையாது.

பழைய வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டதில் ஆயிரத்து இருநூறு ரூபாய் கழித்தார் கடைக்காரர். ஓட்டியதே எட்டு நாள் என்று வாதாடிப் பார்த்தேன், நடக்கவில்லை.

வேலையை விடும் பேச்சு அத்தோடு நின்றது. இப்போது காலை எட்டே காலுக்கு பெல் அடித்துவிட்டு அவள் கிளம்புகிறாள். நான் பைக்கை எடுத்துக்கொண்டு கூட்ரோடு சிக்னலில் நிற்கும்போது, அவள் பக்கத்துத் தெரு வழியாகப் பாதி தூரம் போயிருப்பாள்.

அந்த ஆயிரத்து இருநூறை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று ரொம்ப நாள் யோசித்தேன். தேய்மானம் என்று எழுத மனசு வரவில்லை. கடைசியில் குட்வில் என்று எழுதிவிட்டேன். அந்தக் கணக்கை மட்டும் மாமியார் தப்பு சொல்லவில்லை.