தாத்தாவின் சவரக் கத்தி

மட்டாஞ்சேரியில் எங்கள் தாத்தா இன்றும் மடக்குச் சவரக் கத்தியைத்தான் நம்புவார். அதன் அடியில் ஸோலிங்கன் என்று பொறித்திருக்கும். அது ஜெர்மனியில் ஓர் ஊர். அங்கே செய்யாத கத்திக்கு அப்பெயரை இடலாகாது என்று 1938-இல் சட்டமே செய்தார்கள். சென்ற ஆண்டு தாத்தாவுக்குக் கை நடுங்கத் தொடங்கிற்று. கத்தி என் கைக்கு வந்தது. அவர் கன்னமும் வந்தது!

மழுங்கியிருந்த கத்தியைத் தெருவில் சாணை பிடிப்பவரிடம் கொடுக்கப் புறப்பட்டேன். தாத்தா வாசலிலேயே மறித்தார்.

"சக்கரத்திலே வெச்சா கத்தி செத்துப் போயிடும்டா!"

அது வெறும் பிடிவாதமன்று, நண்பர்களே. சூடேற்றித் தோய்த்துக் கடினமாக்கிய எஃகு அது. உலர்ந்த சக்கரத்தில் பொறி பறக்க உரசினால் மெல்லிய வாய் நொடியில் கொதித்துவிடும். நீலம் படர்ந்துவிட்டால் எஃகு இளகிற்று என்று பொருள். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

ஆகவே, நீர் விட்டுத் தீட்டும் கல்லே வழி. எண் ஏற ஏறக் கல் நைசாகும். வாய் பொரிந்திருந்தால் மட்டும் 1000. பிறகு 4000, முடிவில் 8000. எந்தக் கோணத்தில் பிடிப்பது என்று நீங்கள் கேட்கலாம். அதைக் கத்தி செய்தவனே தீர்மானித்துவிட்டான். முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படியுமாறு படுக்க வைத்தால், ஏறத்தாழ 16 பாகை தானே அமையும். முதுகைத் தூக்கினால் கெட்டது. நான் வாயோரம் மை தீற்றித் தேய்த்துப் பார்த்தேன். நடுவில் அழிந்த மை, நுனியில் அப்படியே இருந்தது. கல் அங்கே படவேயில்லை! மை ஒரே சீராக அழிவதற்கு மூன்று நாள் பிடித்தது.

அடுத்தது தோல்வார். கல்லில் வாய் முன்னே செல்ல வேண்டும். வாரில் முதுகு முன்னே செல்ல வேண்டும். வார் எஃகைத் தேய்ப்பதற்கன்று, மடங்கிய நுண் விளிம்பை நிமிர்த்துவதற்கு. கோடியில் கத்தியை முதுகின்மேல்தான் புரட்ட வேண்டும். இதை மறந்து வாரில் ஒரு பிறை வெட்டினேன். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் சுட்டது.

எங்கள் ஊர் உப்புக்காற்றில் ஒரே இரவில் துரு பூக்கும். துடைத்து ஒரு துளி எண்ணெய் தடவி வைக்கிறேன். அதே கத்தியால் நான் சவரம் செய்துகொள்வதில்லை. சில காமாலைக் கிருமிகள் இரத்தத்தின் வழியே பரவும்.

இரண்டாம் வாரம் முதன்முறையாக அவருக்குச் சவரம் செய்தேன். ஒரு கீறலும் இல்லை. தாத்தா கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

"மோவாய்க்குக் கீழே விட்டுட்டியே" என்றார்.