கை மாறும் "பேஸ் கிட்டார்"!
கச்சேரி குறைந்தால் விற்பனைக்கு வருகிறது

சென்னை மெல்லிசை மேடைகளில் பாடகருக்குக் கைதட்டல்; டிரம்ஸ்காரருக்கு விசில். ஓரமாக நின்று "டும்... டும்" என்று வாசிப்பவரை யாரும் கவனிப்பதில்லை. அவர்தான் பேஸ் கிட்டார்காரர். அவர் நிறுத்தினால்தான் தெரியும், பாட்டு "சப்"பென்று ஆகிவிடும்!

இவர்களில் 2 பேர் சந்தித்தால் பேச்சே வேறு. "என்ன தந்தி போட்டிருக்கே?", "கொடுக்கிறதா இருந்தா எங்கிட்ட சொல்லுப்பா!"

4 தந்தி

ஆள் உயர "டபுள் பேஸ்" கருவியைச் சுமந்தவர்களுக்கு விடுதலை தந்தவர் அமெரிக்காவின் லியோ பெண்டர். அவரது "பிரிசிஷன் பேஸ்" 1951-ல் வந்தது. தந்தி நாலுதான். சாதாரண கிட்டாரைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும்.

நல்ல கருவி புதிதாக வாங்கப் பணம் ஏது? பழசுதான் கை கொடுக்கிறது.

பார்த்து வாங்கணும்!

ஒரு கண்ணை மூடிக்கொண்டு கிட்டாரின் கழுத்தைப் பார்க்க வேண்டும். லேசாக வளைந்திருந்தால், உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் திருகிச் சரி செய்யலாம். முறுக்கிக்கொண்டிருந்தால்... வேண்டவே வேண்டாம்!

குமிழைத் திருப்பும்போது "கரகர" சத்தமா? பெரும்பாலும் தூசிதான். பயப்பட வேண்டியதில்லை.

இடது கை செய்த வேலை

கீபோர்டு வந்தபின், அதிலேயே இடது கையால் பேஸ் வாசித்துவிடுகிறார்கள். கச்சேரிப் பணம் குறைந்தால் பேஸ்காரருக்குத்தான் முதலில் சீட்டு கிழிகிறது. வீட்டுச் செலவுக்கு வேறு வழியில்லாமல் கிட்டாரும் விலைக்கு வருகிறது.

வாங்குகிறவரும் அதே தொழில்தானே! நாளைக்கு அவருக்கும் இந்த நிலைமை வரலாம். அதனால் அடிமாட்டு விலைக்குக் கேட்க மனசு வராது. "கச்சேரி வந்தா ஒரு நாளைக்கு எடுத்துட்டுப் போ அண்ணே" என்று சொல்லித்தான் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்.